வெட்டும் பிளேடுக்குப் பதம்

(முன்னாள் மாணவர் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "என்ன தலைப்பில் பேசப் போறீங்க?" என்று கேட்டார். "ஹீட் ட்ரீட்மென்ட்" என்றேன். "மூட்டு வலிக்கா?" என்றார். இல்லை ஐயா, இரும்புக்கு. அதிலும் குறிப்பாக, உலோகத்தை வெட்டும் பிளேடுகளுக்கு. முப்பது வருடத்துக்கு மேலாக நான் செய்யும் தொழில் அதுதான். வேளச்சேரியில் இயற்பியல் படித்துவிட்டு, அடுத்த ஊரான கிண்டியில் உலைக்கு முன்னால் போய் நின்றவன் நான்.

உங்கள் வீட்டு பீரோ, எவர்சில்வர் தட்டு, பஸ்ஸின் பக்கச் சுவர், ஃபேனின் இறக்கை, எல்லாமே ஒரு காலத்தில் பெரிய தகடாகவோ சுருளாகவோ இருந்தவை. யாரோ எங்கேயோ ஒரு பிளேடு வைத்து அதை வெட்டியிருக்கிறார்கள். தகட்டை நேராக நறுக்குவது ஷியரிங் பிளேடு. சுருளை நீளவாக்கில் கீறிப் பட்டை பட்டையாகப் பிரிப்பது வட்டமான ஸ்லிட்டர் கத்தி. கம்பியை அறுப்பது ஹேக்ஸா, பேண்ட்ஸா. இரும்பை இரும்பு வெட்ட வேண்டுமானால் வெட்டுகிற இரும்பு வெட்டப்படுகிற இரும்பைவிடக் கடினமாக இருக்க வேண்டும். அதே நேரத்தில் அடி தாங்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத குணங்கள். அப்பளம் விறைப்பாக இருக்கும், தட்டினால் நொறுங்கும். சப்பாத்தி நொறுங்காது, ஆனால் விறைப்பு கிடையாது. எங்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நம் கொல்லர்கள் 'பதம்' என்றார்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் போச்சு.

நம் கிராமத்துக் கொல்லர் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதைத் 'துவைச்சல்' என்பார். தோய்த்ததும் வெளியே எடுத்து, வாயை ஒரு கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, உள்ளே மிச்சம் இருக்கும் சூடு வாய்க்கு வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். மஞ்சள் என்றால் சுமார் 220 டிகிரி சென்டிகிரேட், நீலம் என்றால் 300க்குப் பக்கம். வேண்டிய நிறம் வந்ததும் மறுபடி தண்ணீரில் விட்டு நிறுத்திவிடுவார். அவர் கையில் தெர்மாமீட்டர் கிடையாது. ஆனால் கடினமாக்குவது, பிறகு அந்தக் கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குவது என்ற இரண்டு காரியத்தையும் அவர் செய்துவிட்டார். நாங்கள் ஹார்டனிங், டெம்பரிங் என்று சொல்வதும் அதே இரண்டுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை இயற்பியல் மாணவர்களுக்காக இரண்டே வரியில் சொல்கிறேன். சாதாரண வெப்பத்தில் இரும்பின் அணுக்கள் பொருள் மையக் கனசதுரமாக அடுக்கியிருக்கும். எஃகில் 727 டிகிரியைத் தாண்டினால் முகப்பு மையக் கனசதுரமாக மாறத் தொடங்கும். அந்த அடுக்கில் கார்பனுக்கு உட்கார இடம் அதிகம். அதற்கு ஆஸ்டெனைட் என்று பெயர். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் மெல்ல வெளியேறித் தனியாகப் பிரிந்துகொள்ளும். சட்டென்று குளிர்வித்தால் வெளியேற நேரம் இல்லாமல் அகப்பட்டுக்கொண்டு அடுக்கையே ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடும். இந்த இறுக்கம்தான் கடினம். ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக அதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மார்ட்டென்சைட் ஆகும்போது எஃகு கொஞ்சம் பருக்கிறது. எங்கள் தொழிலின் பாதித் தலைவலி அந்தக் 'கொஞ்ச'த்தில்தான் இருக்கிறது.

கொடுமணல், மேல்சிறுவளூர் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் யாரும் எஃகைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நொய்யல் கரையிலும் பழைய தென்னார்க்காட்டிலும் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உலகம் 'வூட்ஸ்' என்று அழைத்த இந்திய எஃகை லண்டனில் மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்கு வருவதற்கு முன்பே ஆராய்ச்சி செய்தார். அதில் கார்பன் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருந்தது. இன்றைக்கு நாங்கள் தகடு வெட்டும் பிளேடுக்குப் பயன்படுத்தும் டி-2 எஃகிலும் கார்பன் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான்! பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் டி-2வில் 12 சதவீதம் குரோமியமும் கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும் இருக்கின்றன. அதனால் அதன் வைத்தியமே வேறு. பாட்டன் கை ராசி அதில் செல்லாது. குரோமியம் அதிகமாக இருப்பதால் நிறம் பார்க்கும் வித்தை டி-2வில் ஏமாற்றிவிடும். மஞ்சள் என்று நினைத்துக்கொண்டு நிற்பீர்கள், வெப்பம் எங்கேயோ போயிருக்கும்.

பாட்டன் கணக்கு உடைந்த கதை ஒன்று உண்டு. 1898 முதல் 1900 வரை அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில் டெய்லர், ஒயிட் என்று இரண்டு பேர் கடைசல் கருவிகளுக்குப் பதம் போட்டுப் பார்த்தார்கள். தொழிலாளியின் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தாரே, அதே டெய்லர்தான். செர்ரிப் பழச் சிவப்புக்கு மேல் காய்ச்சினால் எஃகு கெட்டுப்போகும் என்பது அதுவரை எல்லாக் கொல்லர்களும் ஒத்துக்கொண்ட சட்டம். டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்த எஃகை இவர்கள் அதற்கும் மேலே, உருகும் நிலைக்குப் பக்கம் வரை கொண்டுபோனார்கள். முதலில் கெட்டுத்தான் போனது. இன்னும் மேலே போனபோது திரும்பிக்கொண்டது. அந்தக் கருவி நுனி சிவக்கச் சூடேறிய பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஹைஸ்பீட் ஸ்டீல் என்ற பெயர் அந்த வேகத்தால் வந்ததே. இன்றைக்கு நாம் பயன்படுத்தும் எம்-2 ரகத்துக்கும் 1200 டிகிரியை ஒட்டித்தான் காய்ச்ச வேண்டும். பிறகு 550 டிகிரியில் மூன்று தடவை டெம்பரிங். ராக்வெல் சி அளவில் 63, 65 வரும். கடையில் வாங்கும் நல்ல பைமெட்டல் ஹேக்ஸா பிளேடில் பல் மட்டும் இந்த ஹைஸ்பீட் ஸ்டீல். முதுகு வளையக்கூடிய ஸ்பிரிங் ஸ்டீல். இரண்டையும் எலக்ட்ரான் கதிரால் ஒட்டியிருப்பார்கள். அப்பளமும் சப்பாத்தியும் ஒரே பிளேடில்!

இனி எங்கள் பட்டறைக்கு வாருங்கள். 8 அடி நீள ஷியரிங் பிளேடு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம், டி-2 ரகம். இதை நேராக உலையில் போட்டுக் காய்ச்சி எடுத்தால் வாழைத்தண்டு மாதிரி வளைந்து வரும். ஆகவே முரட்டு மெஷினிங் முடிந்ததும், மெஷினிங்கால் உள்ளே தங்கிய இறுக்கத்தை எடுக்க 650 டிகிரியில் வைத்து உலையோடு ஆறவிட வேண்டும். இதைப் பாதிப் பேர் செய்வதில்லை. "டயம் இல்லை சார்" என்பார்கள். பிறகு வளைந்த பிளேடைக் கிரைண்டரில் போட்டு இரண்டு நாள் தேய்ப்பதற்கு மட்டும் டயம் இருக்கும்.

அடுத்து முன்சூடு. 650இல் ஒரு தடவை, 850இல் ஒரு தடவை நிறுத்தி மேலும் உள்ளும் ஒரே சூட்டுக்கு வரவிட வேண்டும். இந்த வகை எஃகு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அவசரப்பட்டால் வெளிப்பக்கம் பருத்து உள்பக்கம் பருக்காமல் வெடிப்பு விடும். பிறகு 1020 டிகிரி. ஒரு அங்குலக் கனத்துக்கு அரை மணி, முக்கால் மணி. இந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கை உண்டு: "இன்னும் கொஞ்சம் சூடு வைங்க சார், இன்னும் கெட்டியா வரும்." வராது. அளவுக்கு மேல் காய்ச்சினால் கார்பனும் குரோமியமும் அதிகமாகக் கரைந்து, குளிர்ந்த பிறகும் ஆஸ்டெனைட் மாறாமல் அப்படியே தங்கிவிடும். அது மென்மையானது. கடினம் ஏறுவதற்குப் பதில் இறங்கும். மணியும் பருத்துச் சொரசொரப்பாகி உடையும் குணம் வந்துவிடும்.

டி-2வின் நல்ல குணம், காற்றிலேயே கடினமாகும். தண்ணீரில் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. வாக்குவம் உலையில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தோடு ஊதிக் குளிர்விக்கலாம். உப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் 500, 550 டிகிரி உப்பில் இறக்கிச் சமப்படுத்தி, பிறகு காற்றில் விடுவார்கள். அந்தச் சமயத்தில் எஃகு இன்னும் ஆஸ்டெனைட்டாகவே இருக்கும், சொன்னபடி வளையும். கைதேர்ந்த மேஸ்திரி அந்தச் சில நிமிடத்துக்குள் பிரஸ்ஸில் வைத்து நேராக்கிவிடுவார். 200 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் தொடக்கூடாது. தொட்டால் இரண்டு துண்டு.

கையால் தாங்கும் சூட்டுக்கு, அதாவது 50, 60 டிகிரிக்கு வந்தவுடன் டெம்பரிங் உலைக்குள் போய்விட வேண்டும். இது கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், மின்வெட்டு கடுமையாக இருந்த 2012இல், ஒரு மாலை நான்கு பிளேடுகளைக் காய்ச்சிக் குளிர்வித்தார்கள். டெம்பரிங் உலை ஏறும் நேரத்தில் கரண்ட் போனது. திரும்பி வர நேரமாகிவிட்டது. "காலையில பாத்துக்கலாம்" என்று தரையில் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ராத்திரி வாட்ச்மேனுக்கு 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்திருக்கிறார். அரை மணி கழித்து இன்னொரு 'டிங்'. காலையில் நான்கில் இரண்டு குறுக்கே பிளந்து கிடந்தன. யாரும் தொடவில்லை, எதுவும் மேலே விழவில்லை. உள்ளே அடைத்து வைத்த இறுக்கம் அதுவாக வெளியேறியது. பொருள் விலை, மெஷினிங் கூலி, வாடிக்கையாளரின் நின்றுபோன மெஷின், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் எடுத்திருக்கலாம்.

டெம்பரிங் ஒரு தடவை போதாது. ஏன் என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம் நான் இப்படிச் சொல்வேன்: முதல் டெம்பரிங்கில், மிச்சம் தங்கிய ஆஸ்டெனைட்டில் ஒரு பகுதி பக்குவப்படுகிறது. உலையிலிருந்து எடுத்து ஆறும்போது அது புது மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. அந்தப் புதுசுக்கு யார் டெம்பரிங் போடுவது? அதற்குத்தான் இரண்டாவது. ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு மணி நேரம். இரண்டாவதைப் போட்டதா, போடாமல் பில் மட்டும் போட்டதா என்று கடினம் அளக்கும் மெஷினில் தெரியாது. அங்கேதான் வம்பு.

ஒரு தகடு வெட்டும் பட்டறையில் நடந்தது. கீழ் பிளேடின் மூலையிலிருந்து கடுகை விடக் கொஞ்சம் பெரிய சில்லு தெறித்தது. தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் பையனுக்குக் கண்ணுக்கு அரை அங்குலம் கீழே கிழித்துவிட்டது. மூன்று தையல். பிளேடு வேறு இடத்தில் பதம் போட்டது. உடைந்த துண்டை என்னிடம் கொண்டுவந்து, "சர்ட்டிபிகேட்ல 60னு இருக்கே சார், சரியாத்தானே இருக்கு?" என்று முதலாளி கேட்டார். அளந்து பார்த்தேன், 60தான். துண்டை வெட்டி, பாலிஷ் செய்து, அமிலம் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது டெம்பரிங் ஆகாத மார்ட்டென்சைட் தெரிந்தது. தவிர, அவர்கள் அந்த பிளேடால் 10 மில்லிமீட்டர் தகடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கனத்துக்கு 60 ஆகாது. மெல்லிய தகட்டுக்கு 58–60 நல்லது. கனமான தகட்டுக்கு 54–56 வரை இறக்கி, முடிந்தால் அதிர்ச்சி தாங்கும் வேறு ரக எஃகுக்கே போய்விட வேண்டும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை வெட்டுகிற இடத்தில் எச்-13 போன்ற ரகம், 50 சொச்சம் போதும். எண் பெரிதானால் பிளேடு நல்லது என்பது பரீட்சை மார்க் போடுகிறவர்களின் பழக்கம்.

ஆகவே வேலைச் சீட்டில் '58–60' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அதே 58ஐ டி-2வில் 200 டிகிரி டெம்பரிங்கிலும் வாங்கலாம், 520 டிகிரி டெம்பரிங்கிலும் வாங்கலாம். நம்பர் ஏறக்குறைய ஒன்றுதான், பிளேடு ஒன்றல்ல. பிறகு ஒயர்கட் செய்யப் போகிற பிளேடு என்றால் 520தான் பாதுகாப்பு. உள்ளே இறுக்கம் குறைவாக இருக்கும், வெட்டும்போது நடுவில் பிளக்காது. என்ன எஃகு, எதை வெட்டப் போகிறீர்கள், எவ்வளவு கனம், பிறகு ஒயர்கட்டோ கோட்டிங்கோ உண்டா என்று நான்கு வரி எழுதினால் போதும். கேட்காத பட்டறைக்காரரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். பெயரும் சரியாகச் சொல்லுங்கள். எச்.சி.எச்.சி.ஆர். என்று கடையில் கொடுப்பது டி-2வாகவும் இருக்கும், டி-3யாகவும் இருக்கும். ஓ.எச்.என்.எஸ். என்றால் எண்ணெயில்தான் குளிர்விக்க வேண்டும். அதை வாக்குவத்தில் போட்டு வாயு ஊதிக் கொடு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கமே எப்போதும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் "பதம் சரியில்லை" என்று திரும்பி வரும் பிளேடுகளில் நிறைய, மெஷினில் இடைவெளி தவறாக வைத்ததால் போனவை. மேல் பிளேடுக்கும் கீழ் பிளேடுக்கும் நடுவே தகட்டுக் கனத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை இடைவெளி வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு வைத்ததை மாற்றாமலே ஆறு மில்லிமீட்டரை உள்ளே தள்ளினால் எந்தப் பதமும் தாங்காது. இன்னொன்று கிரைண்டிங். சாணைக்கல்லை அழுத்தி, கூலன்ட் இல்லாமல் தேய்த்தால் பிளேடு வாயில் நீலக் கறை விழும். பழைய கொல்லர் ஆசையோடு பார்த்திருந்த அதே நீலம், எங்களுக்கு எமன். அந்த இடம் மென்மையாகிவிட்டது, அல்லது மறுபடி சூடாகிக் குளிர்ந்து மயிரிழை வெடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம்.

வெட்டப்படும் பொருளும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955இல் சுவிஸ் கூட்டுறவோடு தொடங்கியபோது ரயில் பெட்டி சாதாரண எஃகுத் தகடு. 2018இல் பழைய வடிவப் பெட்டியை நிறுத்திவிட்டு முழுக்க ஸ்டெயின்லெஸ் பெட்டிக்கு மாறினார்கள். ஸ்டெயின்லெஸ் வெட்ட வெட்ட இறுகும், பிளேடு வாயில் ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு போகும். அதே கனத் தகடாக இருந்தாலும் விசை அதிகம். கார் பாடிக்கும் இப்போது வலுவான தகடுகள் வருகின்றன. பத்து வருடத்துக்கு முந்தைய பதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற காலம் போய்விட்டது.

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கி எடுக்கும் கிரையோ வைத்தியம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தங்கிய ஆஸ்டெனைட்டைக் குறைக்க அது உதவும், தேய்மானமும் குறையும். குளிர்வித்ததற்கும் டெம்பரிங்குக்கும் நடுவில் செய்தால்தான் முழுப் பலன். எல்லாம் முடிந்த பிளேடை ஆறு மாதம் கழித்துக் கொண்டுவந்து "கிரையோ போட்டுக் கொடுங்க, ஆயுள் மூணு மடங்கு ஆகுமாமே" என்றால், ஆகாது. தப்பாகக் காய்ச்சியதைக் குளிரால் சரிசெய்ய முடியாது.

இப்போது நம் ஊர் விஷயம். நீள பிளேடு வளையாமல் இருக்க உலையில் தொங்கவிட்டுக் காய்ச்ச வேண்டும். அதற்குத் தரைக்குள் குழி வெட்டிப் பிட் உலை வைப்பார்கள். கிண்டி தொழிற்பேட்டை 1958இல் வந்தது. அதை ஒட்டியே ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர், இந்தப் பக்கம் வேளச்சேரி, பெருங்குடி வரை சிறு பட்டறைகள் முளைத்தன. ஒரு பக்கம் அடையாறு, இன்னொரு பக்கம் ஏரியும் சதுப்பு நிலமும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஈக்காட்டுத்தாங்கலில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி எத்தனை நாள் தண்ணீரில் நின்றது என்பதை இந்த ஹாலில் பாதிப் பேர் அனுபவித்திருக்கிறீர்கள். குழிக்குள் தண்ணீர் புகுந்தால் உலைச் செங்கல் முழுக்கக் குடித்துவிடும். அவசரப்பட்டு ஹீட்டரைப் போட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் செங்கல் வெடிக்கும். நாள்கணக்கில் மெல்ல மெல்லச் சூடேற்றி உலர்த்த வேண்டும்.

அதைவிடப் பயம் உப்புத் தொட்டி. உருகிய உப்பு 850 டிகிரியில் இருக்கும்போது ஒரு தம்ளர் தண்ணீர் உள்ளே போனால் தொட்டியே பீறிட்டு அடிக்கும். சில பட்டறைகளில் சயனைடு கலந்த உப்பும் இருந்தது. அது வெள்ளத்தோடு தெருவுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நைட்ரேட் உப்பும் சயனைடு உப்பும் சூட்டில் சேர்ந்தால் வெடிக்கும், ஆகவே ஒரே அறையில் அடுக்கவே கூடாது. வாக்குவம் உலை விலை அதிகம்தான். நான் அதற்குத் தலையாட்டுவது பிளேடு வெள்ளிபோலப் பளபளவென்று வருகிறது என்பதற்காக மட்டும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு மழை கொட்டும்போது தொட்டியில் என்ன நடக்கிறதோ என்று எழுந்து உட்கார வேண்டாம். இப்போதும் உப்புத் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அக்டோபர் பிறக்கும் முன் உப்பு மூட்டைகளையும் டிரம்களையும் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். தொட்டி விளிம்பைத் தரையிலிருந்து இரண்டடியாவது உயர்த்துங்கள். வானிலை எச்சரிக்கை வந்த அன்று உலையை ஏற்றவே வேண்டாம். ஆர்டர் காத்திருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு தகவலோடு முடித்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் உள்ளே வர மெட்டலர்ஜி இன்ஜினியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இயற்பியலும் வேதியியலும் படித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப், கடினச் சோதனை, வாயு அளவு, உலை வெப்பச் சரிபார்ப்பு எல்லாம் செய்யலாம். இப்போதும் எங்களுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஹாலின் பின்பக்க மேஜையில் நான்கு பிளேடுத் துண்டுகளும் ஒரு பூதக் கண்ணாடியும் வைத்திருப்பேன். நல்ல பதத்தில் உடைந்தது ஒன்று, அதிகம் காய்ச்சியது ஒன்று, கிரைண்டிங்கில் கருகியது ஒன்று, அந்த 'டிங்' பிளேடின் துண்டு ஒன்று. கையில் எடுத்துப் பார்க்கலாம். ஓரம் கூர்மை, பார்த்து.